மாடி லைட்டை அணைக்கலாமா? பாலவாக்கம் கடலோர அபார்ட்மெண்ட் குரூப்

13 ஜனவரி

4பி: எல்லாருக்கும் அட்வான்ஸ் பொங்கல் வாழ்த்துகள் 🌾 காணும் பொங்கல் சனிக்கிழமை வருது, மெரினா பெசன்ட் நகர்லாம் கால் வைக்க இடம் இருக்காது, நமக்கு கேட்டைத் திறந்தா பீச், அதனால இங்கயே வச்சுக்கலாமா? நைட் 8க்கு ஆரம்பிச்சு நெருப்பு மூட்டி, ஸ்பீக்கர் வச்சு, வீட்டுக்கு ஒரு ஐட்டம் கொண்டு வந்து எல்லாரும் ஒண்ணா சாப்பிடலாம்

2டி: சூப்பர் அண்ணா!! பசங்க இப்பவே குதிக்கிறாங்க. நான் புளியோதரை

செயலாளர் சார்: நல்ல யோசனை. ஆனா யாரும் தண்ணில இறங்கக் கூடாது. காணும் பொங்கல் அன்னிக்கு கடல்ல குளிக்க போலீஸ் வருஷா வருஷம் தடை போடுறாங்க, நம்ம பக்கம் அலையும் இழுப்பு ஜாஸ்தி

3சி: அண்ணா ஒண்ணு கேக்கணும், தப்பா எடுத்துக்காதீங்க. சாயங்காலமே வச்சு 7 மணிக்குள்ள முடிச்சுடலாமா? நைட் நெருப்பும் சத்தமும் வேணாமே. ஆமை சீசன் ஆரம்பிச்சுடுச்சு. ஜனவரில இருந்து மார்ச் ஏப்ரல் வரைக்கும் பங்குனி ஆமை முட்டை போட நம்ம கரைக்குத்தான் வருது, நீலாங்கரைல இருந்து பெசன்ட் நகர் வரைக்கும் இருக்கிற இந்த 7 கிலோமீட்டர் முழுக்க அதுக்கு பிரசவ அறை மாதிரி. ராத்திரி கரையேறும்போது வெளிச்சமோ ஆள் நடமாட்டமோ தெரிஞ்சா பயந்து அப்படியே திரும்பிப் போயிடும், போகலன்னா வயித்துல முட்டையோட இடம் தேடி அலையும்

4பி: அய்யோ இது எனக்கு தெரியவே தெரியாது. 6 வருஷமா இங்க இருக்கேன் ஒரு ஆமையக் கூட பாத்ததில்ல

1ஏ தாத்தா: நீங்க தூங்குற நேரத்துல வரும் தம்பி. நான் விடியக்காலைல வாக்கிங் போறப்ப தடம் பாத்திருக்கேன். டிராக்டர் டயர் ஓடின மாதிரி தண்ணில இருந்து மேல வந்து திரும்ப தண்ணிக்கே போயிருக்கும். எங்க சின்ன வயசுல தடத்தைப் பாத்துட்டுப் போயி முட்டைய தோண்டி எடுத்து விப்பாங்க, அப்ப யாரும் அதைத் தப்பா நினைச்சதில்ல

3சி: இப்ப அது 1972 வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்துல முதல் பட்டியல் தாத்தா, புலி யானைக்கு என்ன பாதுகாப்போ அதே பாதுகாப்பு. முட்டைய எடுத்தா ஜெயில்தான்

2டி: போன வருஷம் பீச்ல செத்து ஒதுங்கிச்சே நிறைய, அந்த ஆமையா? பொண்ணு பாத்துட்டு வந்து ரெண்டு நாள் சரியா சாப்பிடல

3சி: அதேதான் அக்கா. 2025 ஜனவரில சென்னை, திருவள்ளூர், செங்கல்பட்டு கரைல ஆயிரத்துக்கு மேல ஒதுங்குச்சு. ஆமைக்கு நம்மள மாதிரி நுரையீரல், மூச்சு விட மேல வந்தே ஆகணும், ட்ராலர் இழுவலைக்குள்ள மாட்டினா வர முடியாம முங்கியே செத்துடும். இழுவலைல ஆமை தப்பிக்க ஒரு கம்பிக் கதவு வைக்கலாம், கரைல இருந்து 5 கடல் மைலுக்குள்ள விசைப்படகு மீன் பிடிக்கவே கூடாதுன்னும் சட்டம் இருக்கு. ரெண்டும் ஒழுங்கா நடந்திருந்தா அத்தனை செத்திருக்காது. நான் அன்னிக்கு காலைல நடந்து போனேன், கொட்டிவாக்கம் போறதுக்குள்ள எண்ணுறத விட்டுட்டேன், முடியல

1ஏ தாத்தா: குப்பத்துக்காரங்கள யாரும் குத்தம் சொல்லாதீங்க. அவங்களது ஃபைபர் படகு, கரைவலை. வலைல ஆமை மாட்டினா வலைய அறுத்து விட்டுருவாங்க, நானே பாத்திருக்கேன், அந்த வலை என்ன விலைன்னு அவங்களுக்குத்தான் தெரியும்

4பி: சரி, நெருப்பு கேன்சல், ஸ்பீக்கர் கேன்சல். 4 மணிக்கு போயி 7க்கு வந்துடலாம். குப்பை ஒரு துண்டு கூட விடாம நானே மூட்டை கட்டி எடுத்துட்டு வரேன்

3சி: ரொம்ப நன்றிண்ணா 🙏 அப்படியே இன்னொரு விஷயம், மொட்டை மாடி ஃபோகஸ் லைட்டு

செயலாளர் சார்: அதுல என்னம்மா

3சி: ரெண்டும் கடலைப் பாத்து இருக்கு சார். நைட் 10ல இருந்து காலை 5 வரைக்கும் சீசன் முடியுற வரை அணைச்சு வைக்க முடியுமா? தாய் ஆமைய விட குட்டிக்குத்தான் இது பெரிய ஆபத்து. முட்டைல இருந்து வெளிய வந்ததும் எந்தப் பக்கம் வெளிச்சமா இருக்கோ அந்தப் பக்கம்தான் போகும், லைட் இல்லாத காலத்துல கடல் மேல இருக்கிற வானம்தான் வெளிச்சம் அதனால நேரா தண்ணிக்குப் போயிடும். இப்ப நம்ம வெளிச்சம் ஜாஸ்தியா இருக்கிறதால ரோட்டுப் பக்கம் வருது. போன ஏப்ரல்ல நம்ம கார் பார்க்கிங்ல 11 குட்டி கிடந்துச்சு, 4 தான் உயிரோட. யாருக்கும் தெரிய வேணாம்னு நானும் செக்யூரிட்டி அண்ணாவும் எடுத்துட்டோம். சொல்லியிருக்கணும், சொல்லாதது என் தப்பு

2டி: பார்க்கிங்லயா?? கடவுளே

செயலாளர் சார்: வருத்தமாத்தான் இருக்கு. ஆனா பாதுகாப்பையும் பாக்கணும்ல. போன வருஷம் கடல் பக்க கேட் பூட்டை உடைச்சு சைக்கிள் தூக்கிட்டு போனாங்க, அதுக்கப்புறம்தான் இந்த லைட்டே போட்டோம். லைட் இல்லன்னா கேமராலயும் ஒண்ணும் தெரியாது

2டி: எனக்கும் அந்த பயம் இருக்கு, அவர் ஊர்ல இல்லாத நாள்ல நான் தனியா இருக்கேன். ஆனா அந்த குட்டிங்கள நினைச்சா…

4பி: சார் ரோட்டுப் பக்க லைட் அப்படியே இருக்கட்டும். கடல் பக்கம் மாடி லைட்டை அணைச்சுட்டு கேட்டுக்கு உள்பக்கம் இடுப்பு உயரத்துல ரெண்டு லைட் போடலாம், மேல மூடி வச்சு தரைய மட்டும் பாக்குற மாதிரி. ஆள் வந்தா மட்டும் எரியுற சென்சாரும் உண்டு. எலக்ட்ரீஷியன் எனக்கு தெரிஞ்சவர்தான் செலவு என்னோடது, பூட்டையும் புதுசா மாத்திடுவோம்

3சி: சிவப்பு பல்பா போட முடியுமாண்ணா? ஆமை கண்ணுக்கு சிவப்பு அவ்வளவா உறைக்காது

4பி: சிவப்பே போட்டுடலாம்

செயலாளர் சார்: பொங்கல் முடிஞ்சு ஞாயித்துக்கிழமை எல்லார் கிட்டயும் கேட்டு முடிவு பண்ணுவோம்

18 ஜனவரி

செயலாளர் சார்: 24 வீட்டுல 19 வீடு சரின்னு சொல்லிட்டாங்க. இன்னிக்கு ராத்திரியில இருந்து ஏப்ரல் 30 வரை 10 மணிக்கு மேல மாடி லைட் ஆஃப். கடல் பாத்த பால்கனி வச்சிருக்கிறவங்க தயவுசெஞ்சு ஸ்க்ரீனை இழுத்து விட்டுடுங்க

1ஏ தாத்தா: நேத்து பீச்ல நல்லா இருந்துச்சு. ரொம்ப வருஷம் கழிச்சு பட்டம் விட்டேன்

5 பிப்ரவரி

3சி: சனிக்கிழமை ராத்திரி ஆமை நடைக்குப் போறேன், யாராவது வர்றீங்களா? காலேஜ் மாணவர்கள் 1988ல ஆரம்பிச்ச கடலாமை பாதுகாப்பு அமைப்பு, இத்தனை வருஷமா சீசன்ல ராத்திரி ராத்திரி நடக்குறாங்க, வெள்ளி சனி நம்மளையும் கூட்டிட்டுப் போவாங்க. நீலாங்கரைல இருந்து பெசன்ட் நகர் வரை மணல்ல நடக்கணும், விடியக்காலை ஆயிடும். டார்ச் கூடாது, போன் வெளிச்சம் கூடாது, ஃப்ளாஷ் கூடவே கூடாது, வெள்ளைச் சட்டையும் வேணாம். ஆமை வராம வெறும் கால்வலியோட திரும்புற நாளும் உண்டு, அதுக்கும் தயாரா வரணும்

2டி: நானும் பெரியவனும் வரோம். அவன் பத்து நாளா இதையேதான் கேட்டுட்டு இருக்கான்

4பி: நானும்

1ஏ தாத்தா: முட்டி வலி இல்லன்னா வந்திருப்பேன். பாத்துட்டு வந்து சொல்லுங்க

8 பிப்ரவரி

2டி: காலை 4:50. இப்பதான் வீட்டுக்கு வந்தோம். தூக்கம் வரல. பாத்துட்டோம் 😭

1ஏ தாத்தா: நானும் முழிச்சுட்டுத்தான் இருக்கேன், சொல்லும்மா

2டி: எனக்கு எழுத வரல, அவளே சொல்லட்டும்

3சி: தாத்தா, நீலாங்கரைல கிளம்பினப்ப ஒரே இருட்டு, நிலா 11 மணிக்கு மேலதான் எழுந்துச்சு அதுவும் பாதி. ரெண்டு மணி நேரம் ஒண்ணுமே இல்ல, குழி நண்டுதான் கால்ல ஓடுச்சு, பையன் கூட கொஞ்சம் சோர்ந்துட்டான். நம்ம பில்டிங்கை தாண்டி ஒரு 200 மீட்டர் போயிருப்போம், முன்னாடி போன காலேஜ் பையன் கையைத் தூக்கி நிக்கச் சொன்னான். அலை விளிம்புல ஒரு பாறை மாதிரி கிடந்துச்சு, அது நகந்துச்சு. எல்லாரும் அப்படியே மணல்ல உக்காந்துட்டோம். ஒரு 40 கிலோ இருக்கும், அத்தனை கனத்தை துடுப்பு மாதிரி இருக்கிற கையால இழுத்து இழுத்து நாலு அடி வரும் நிக்கும், மூச்சு விடுற சத்தம் நமக்கே கேக்குது, பெரிய மனுஷங்க மாடி ஏறி வந்து விடுவாங்களே பெருமூச்சு அந்த மாதிரி. அலை தொடாத இடமா பாத்து பின்னங்காலால தோண்ட ஆரம்பிச்சுது, திரும்பியே பாக்கல, ஒரு கால் மண்ணை கிண்ணம் மாதிரி மடிச்சு அள்ளிப் போடும் அடுத்தது இன்னொரு கால், ஒன்றரை அடி ஆழத்துக்கு குடம் மாதிரி குழி, வாய் சின்னதா அடி அகலமா. முட்டை போட ஆரம்பிச்சப்புறம்தான் எங்களை பின்பக்கமா கிட்ட விட்டாங்க. பிங்பாங் பந்து மாதிரி ரெண்டு மூணா விழுது, வழவழன்னு

2டி: கண்ணுல தண்ணி வந்துட்டே இருந்துச்சு தாத்தா. அழுவுதுன்னே நினைச்சேன்

3சி: உடம்புல சேர்ற உப்பை அது கண்ணுக்குப் பக்கத்து சுரப்பி வழியாத்தான் வெளிய விடும்னு கூட வந்த காலேஜ் பொண்ணு சொன்னா. தெரிஞ்சும் நானும் அழுதுட்டேன். போட்டு முடிச்சு மண்ணை மூடி, வயித்தால இந்தப் பக்கம் அந்தப் பக்கம் தட்டித் தட்டி சமன் பண்ணிட்டு, தடம் தெரியாத மாதிரி மண்ணை விசிறி விட்டுட்டு, ஒரு தடவை கூட நிக்காம தண்ணிக்குப் போயிடுச்சு. மொத்தமா முக்கால் மணி நேரம் இருக்கும்

4பி: 118 முட்டை. நான்தான் எண்ணினேன், கை நடுங்குச்சு. துணிப் பைல போட்டு சில மணி நேரத்துக்குள்ள குஞ்சு பொரிப்பகத்துல அதே ஆழத்துக்கு குழி தோண்டி புதைச்சுடணும், லேட் பண்ணி உருட்டினா உள்ள கரு செத்துடுமாம். நாய், காக்கா, ஆளுங்க, வெளிச்சம் எல்லாம் இருக்கிறதால முட்டைய அதே இடத்துல விட முடியலன்னு சொன்னாங்க. அது எனக்கு கஷ்டமா இருந்துச்சு, அதோட இடத்துலயே அது பிள்ளை பெத்துக்க முடியல பாருங்க

1ஏ தாத்தா: எங்க காலத்துல நாங்க தோண்டினோம். இப்ப இந்தப் பசங்க புதைக்கிறாங்க. அவங்க நல்லா இருக்கணும்

செயலாளர் சார்: 200 மீட்டர்னா ஃபோகஸ் லைட் வெளிச்சம் விழற தூரம்தான

3சி: ஆமா சார். முன்ன அந்த இடம் பகல் மாதிரி இருக்கும். நேத்து இருட்டா இருந்துச்சு

செயலாளர் சார்: 👍

22 மார்ச்

2டி: குட்டி எப்ப வரும்னு இவன் காலண்டர்ல கட்டம் போட்டு வச்சிருக்கான்

3சி: 45ல இருந்து 55 நாள் சொல்றாங்க, எந்த நாளும் வரலாம். வெயில் ஏறினா சீக்கிரம். ஆம்பளையா பொம்பளையான்றதையும் மணல் சூடுதான் முடிவு பண்ணுது, சூடு ஜாஸ்தின்னா எல்லாமே பொண்ணாப் பொறக்கும், அதுக்குத்தான் மேல பச்சை வலை கட்டி நிழல் பண்ணி வச்சிருக்காங்க

1ஏ தாத்தா: ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை வந்துடும். குட்டிங்க கடல்ல கொஞ்சம் நிம்மதியா இருக்கும், நாமதான் மீனுக்கு அலையணும்

28 மார்ச்

3சி: எல்லாரும் பாருங்க!! நம்ம கூடு மண்ணு உள்வாங்கி இருக்காம், தலை தெரியுதாம். சாயங்காலம் 5:30க்கு பெசன்ட் நகர் பொரிப்பகத்துக்கு வந்துடுங்க. தாத்தாவுக்கு நாற்காலி நான் எடுத்துட்டு வரேன்

செயலாளர் சார்: நானும் வரேன். வீட்டுலயும் வராங்க

2டி: கிளம்பிட்டோம் கிளம்பிட்டோம்

4பி: இரவு 8:10. 118ல 101 குட்டி. உள்ளங்கைல அடங்கிடும், அதுக்குள்ள அவ்வளவு பலம். நேரா தண்ணில விடாம கொஞ்சம் முன்னாடியே மணல்ல விட்டாங்க, அந்த மணலை உடம்பு ஞாபகம் வச்சுக்குமாம், பொண்ணா இருந்தா பத்து பதினைஞ்சு வருஷம் கழிச்சு முட்டை போட இந்தக் கரைப் பக்கமே வரும்னு சொன்னாங்க. முதல் அலை ஒண்ணைப் புரட்டிப் போட்டுச்சு, அது திரும்ப நிமிர்ந்து திரும்ப போச்சு, ஜனங்க எல்லாம் மூச்சைப் பிடிச்சுட்டு நின்னாங்க

2டி: ஆயிரத்துல ஒண்ணுதான் பெருசாகுமாமே. என் பையன் 101ம் பெருசாகும்னு சொல்றான். நான் ஆமாடான்னு சொல்லிட்டேன்

1ஏ தாத்தா: 79 வயசுல முதல் தடவையா குட்டி கடல்ல இறங்குறதைப் பாத்தேன். நாற்காலி கொண்டு வந்த மகராசிக்கு நன்றி

செயலாளர் சார்: ஏப்ரல் 30க்கு அப்புறமும் மாடி லைட் வேணாம்னு எனக்கு தோணுது. இந்த ரெண்டு மாசத்துல ஒரு திருட்டும் நடக்கல. கீழ இருக்கிற சிவப்பு லைட்டே போதும். அடுத்த மீட்டிங்ல பேசலாம்

3சி: சார் 🙏🙏

29 மார்ச்

செக்யூரிட்டி அண்ணா: காலை 5:05. மேடம் முழிச்சிருக்கீங்களா. கடல் பக்க கேட்டுக்கு முன்னாடி டயர் தடம் மாதிரி வந்து திரும்பிப் போயிருக்கு. ஆமை இல்ல. நாய் ரெண்டு சுத்துது, நான் கம்போட நடுவுல நிக்கிறேன். யாரையும் மிதிக்க விடல. சீக்கிரம் வாங்க

3சி: அங்கயே நில்லுங்கண்ணா வந்துட்டேன், பொரிப்பகத்துக்கும் போன் போட்டுட்டேன்

2டி: நாங்களும் வரோம், பையன் செருப்பு கூட போடாம ஓடிட்டான்