ஒற்றை ரேம் போதும் என்று சொன்ன மகான் யார்?

வாவிக்கரையான்:
களுவாஞ்சிகுடித் தம்பி ஒருவர் குறைந்த காசில் கேம் விளையாடக் கொம்பியூட்டர் கட்டக் கேட்டிருந்தார். அதற்கு இங்கே ஒருவர் கொடுத்த பட்டியலைப் பார்த்து எனக்கு இரவு நித்திரை இல்லை. ரைசன் 5 5600ஜி புரொசசர், ஏ520 மதர்போர்டு, ரேம் என்கிற மெமரிக் குச்சி 16 ஜிபியில் ஒன்று. ஒன்று! கிராபிக்ஸ் கார்ட் இல்லாத பட்டியல் அது. புரொசசர் சிப்புக்குள் இருக்கிற வேகா 7 என்ற உள் கிராபிக்ஸ், ரேமைக் கடன் வாங்கித்தான் ஓடும். 3200 வேக டிடிஆர்4 ரேம் ஒன்று செருகினால் வினாடிக்கு 25.6 ஜிபி போகும், இரண்டு செருகினால் 51.2. பாதி வாய்க்காலை அடைத்துவிட்டு வயலுக்குத் தண்ணீர் வரவில்லை என்று அழச் சொல்கிறீர்களா? எட்டு எட்டாகச் சோடி வாங்கு தம்பி.

கல்முனை கீபோர்ட்:
அந்த மகான் நான்தான். ஏ520 போர்டுகளில் மலிவானதில் ரேம் போடும் இடம் இரண்டே இரண்டு. இரண்டிலும் எட்டைச் செருகினால் நாளைக்கு 32 வேண்டும் என்றால் இரண்டையும் கழற்றி விற்க வேண்டும். யார் வாங்குவது, நீங்களா? தம்பி ஆறு மாதத்தில் கிராபிக்ஸ் கார்ட் போடுவதாகச் சொன்னார். கார்ட் வந்தால் அதற்குச் சொந்த மெமரி இருக்கிறது, உங்கள் வாய்க்கால் கதை அவ்வளவு பெரிய விசயமே இல்லை.

செங்கலடி மச்சான்:
முதலில் பட்ஜெட் என்றால் எவ்வளவு என்று யாராவது சொல்லுங்கள்.

வாவிக்கரையான்:
ஆறு மாதமாம். நம்மூரில் "மறுகா வாங்குவம்" என்று சொன்ன சாமான் எத்தனை வீட்டுக்கு வந்தது? அந்த ஆறு மாதமும் பிள்ளை திக்கித் திக்கி விளையாட வேண்டுமா? 25.6, 51.2. எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

கல்முனை கீபோர்ட்:
எழுதி வைத்திருக்கிறேன் அண்ணன், வேறொன்றையும் சேர்த்து. போன வருடம் சோடி ரேம் போட்டேன் என்று பெருமையாக இங்கே படம் போட்டீர்களே, அதில் வேகம் 2133 என்று பளிச்சென்று தெரிந்தது. போர்டின் செட்டிங்கான பயோசுக்குள் போய், ரேமை முழு வேகத்தில் ஓட்டுகிற எக்ஸ்எம்பியைப் போடவில்லை. 3200க்குக் காசு கொடுத்துவிட்டு எட்டு மாதம் 2133இல் ஓட்டிய ஆள் பாடம் எடுக்கிறார்.

வாவிக்கரையான்:
அந்தப் படத்தை இன்னும் வைத்திருக்கிறீர்களா? சரி, கணக்குப் பாருங்கள். 2133இல் சோடி ஓடினாலும் வினாடிக்கு 34 ஜிபி. உங்கள் ஒற்றை 3200 என்னவோ? 25.6. நான் நித்திரையில் ஓட்டியதே உங்களை விட வேகம்.

ஏறாவூர் மவுஸ்:
வாவி காக்கா, 5600ஜியே எதற்கு? ஐ3 12100எஃப் புரொசசர் எடுத்து, பாவித்த ஆர்எக்ஸ் 580 கிராபிக்ஸ் கார்ட் ஒன்று போட்டால் விளையாட்டு வேறு மாதிரி இருக்கும். ரேம் சண்டையே வராது.

அக்கரைப்பற்று 2.0:
வராதா? அந்தக் கார்ட் மட்டும் 185 வாட் கேட்கும். கேசிங்கோடு சும்மா வருகிற பவர் சப்ளையில் மாட்டி, மாரி காலத்தில் மின்சாரம் போய்ப் போய் வரும்போது பார்க்கவேண்டும். கிரிப்டோ காசுக்கு மைனிங் செய்து களைத்த கார்ட் வேறு. என் மச்சானுக்கு நடந்ததைச் சொன்னால் அவரே கோபிப்பார்.

ஏறாவூர் மவுஸ்:
உங்கள் மச்சான் யூபிஎஸ் வாங்காமல் ரிமோட் விளக்கு வைத்த கேசிங் வாங்கினார். அதற்குக் கார்ட் என்ன செய்யும்?

அக்கரைப்பற்று 2.0:
வீட்டு ஆட்களை இழுக்க வேண்டாம்.

வாவிக்கரையான்:
கார்ட் கதையை வேறு இடத்தில் கதையுங்கள். 12100எஃப் வாங்கினாலும் ரேம் சோடியாகத்தான் போடவேண்டும். அதில் உள் கிராபிக்ஸ் கிடையாது, கார்ட் செத்த அன்று திரை கறுப்பு, அதையும் யாரும் சொல்லவில்லை. பிறகு வாங்குகிற இரண்டாவது ரேம் வேகம் குறைந்ததாக அகப்பட்டால் இரண்டும் அந்த வேகத்துக்கு இறங்கும். பெட்டியில் சோடியாக வருவதை வாங்கினால் இந்தத் தலையிடி இல்லை.

கல்முனை கீபோர்ட்:
பெட்டிச் சோடி எங்கே கிடைக்கும் என்று சொல்லுங்கள் பார்ப்போம். நீங்கள் உதயதேவியில் ஏறி பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவுக்குப் போய் வாங்கி வந்தவர். ரயில் காசு, தங்கிய காசு எல்லாம் சேர்த்துச் சொல்லுங்கள். பழுதானால் திரும்பவும் கொழும்புக்கா?

வாவிக்கரையான்:
மட்டக்களப்பிலேயே கிடைக்கும். கல்முனையில் கிடைக்காவிட்டால் அது கல்முனையின் பிரச்சினை.

கல்முனை கீபோர்ட்:
வந்துவிட்டது ஊர்ப் பெருமை. இவ்வளவு நேரம் எங்கே ஒளித்து வைத்திருந்தீர்கள்?

செங்கலடி மச்சான்:
பட்ஜெட் எவ்வளவு?

களுவாஞ்சிகுடி கேமர்:
அண்ணன்மார், நீங்கள் சண்டை பிடிக்கிற நேரத்தில் நான் போய் வாங்கிவிட்டேன். 16 ஒன்று. ஆனால் விண்டோசில் பாவிக்கக்கூடியது 14க்குக் கிட்ட என்று காட்டுகிறது. மீதி 2 ஜிபியைக் கடைக்காரர் எடுத்துவிட்டாரா?

வாவிக்கரையான்:
கடைக்காரரைச் சந்தேகப்படாதே மனே. உள் கிராபிக்ஸ் தனக்கென்று ஒதுக்கிக்கொண்டது அது. பார்த்தீர்களா கீபோர்ட், ரேமைத்தான் தின்கிறது என்று நான் முதலே சொன்னேன். அதுவும் ஒற்றை ரேமை!

கல்முனை கீபோர்ட்:
சோடி போட்டாலும் அதே 2 ஜிபியைத்தான் எடுக்கும்.

வாவிக்கரையான்:
எடுக்கும், ஆனால் 51.2இல் எடுக்கும். நான் இதோடு நிறுத்துகிறேன்.

வாவிக்கரையான்:
இன்னொன்று. போர்டில் நாலு இடம் இருந்தால் அனேகமாக இரண்டாவதிலும் நாலாவதிலும்தான் சோடியைச் செருக வேண்டும். பக்கத்தில் பக்கத்தில் செருகிவிட்டு வித்தியாசம் இல்லை என்று இங்கே வராதீர்கள்.

கல்முனை கீபோர்ட்:
அவருடைய போர்டில் இரண்டு இடம்தான் அண்ணன். முதல் பதிலிலேயே எழுதினேன்.