ஒரே தொட்டியில் இரண்டு க்ளவுன் மீன்: மலை ஊர்களில் சண்டையைச் சமாளிக்கும் வழிகள்

ஊட்டி, ஃபிங்கர்போஸ்ட்

உப்புநீர்த் தொட்டியில் இரண்டு க்ளவுன் மீன் விட்டு, பெரியது சின்னதைத் துரத்துகிறது என்றதும் பலர் கையில் வலையோடு நிற்கிறார்கள். கொஞ்சம் பொறுங்கள். க்ளவுன் மீன் எதுவும் பெண்ணாகப் பிறப்பதில்லை. கூட இருப்பவற்றில் பெரியது பெண்ணாக மாறும், அடுத்தது ஆணாக நிற்கும். பெண்ணானது திரும்ப ஆணாகாது. சின்னதைத் தினம் நாலு முறை தட்டி வைப்பதில்தான் அந்த வரிசை நிலைக்கிறது. தட்டு வாங்கிய சின்னது பக்கவாட்டில் சாய்ந்து உடம்பை வெடவெடவென்று உதறும். அதைப் பார்த்ததும் பெரியது விலகிப் போனால் ஜோடி சேர்ந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். நடுவில் புகுந்து பிரித்தால் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கும்.

சின்னது உதறிக் காட்டாமல் எதிர்த்து நின்று, இரண்டும் வாயோடு வாய் கவ்விச் சுழன்றால் கதை வேறு. இரண்டுமே பெண்ணாகியிருக்கும், அல்லது ஆகிக்கொண்டிருக்கும். அன்றைக்கே பிரித்துவிட வேண்டும். விட்டுவைத்தால் ஒன்று செத்துத்தான் ஓயும்.

நான் பார்ப்பது துரத்தலை அல்ல, தீனி நேரத்தில் சின்னதன் வாயை. ஓடி ஒளிந்தாலும் வந்து தின்கிறது என்றால் கவலையில்லை. துடுப்பு நுனி கிழிந்திருப்பதும் தண்ணீர் சுத்தமாக இருந்தால் ஆறிவிடும். கிழிசல் துடுப்பின் அடிவரை இறங்கினாலோ, தொடர்ந்து இரண்டு நாள் தீனியைத் தொடாவிட்டாலோ, விளக்கு அணைந்த பிறகும் விரட்டு நிற்காவிட்டாலோ பிரிக்கலாம்.

மேல் மூலையில் ஒண்டி வேகமாக மூச்சு வாங்கினால் உடனே அடிவாங்கிய மீன் என்று முடிவு கட்டாதீர்கள். ஊட்டி 2,240 மீட்டர் உயரம். காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் முக்கால் பங்கு சொச்சம்தான். 26 டிகிரி உப்புநீர் கடலோரத்தில் லிட்டருக்கு 6.5 மில்லிகிராமுக்கு மேல் ஆக்ஸிஜன் பிடிக்கும், இங்கே 5ஐ ஒட்டித்தான் நிற்கும். இரண்டு மீனும் மேலே வந்து மூச்சு வாங்கினால் ஆக்ஸிஜன் பற்றவில்லை. ஒன்று மட்டும் என்றால் அடி. பவர்ஹெட்டின் (தண்ணீரைச் சுழற்றும் சின்ன பம்ப்) வாயை நீர்மட்டத்தைப் பார்த்துத் திருப்பி, காற்றுக் குமிழி விடும் ஏர் ஸ்டோன் ஒன்றும் போட்டுப் பார்த்தால் சந்தேகம் தீர்ந்துவிடும். குளிருக்குப் பயந்து மேலே கண்ணாடியை முழுக்க மூடி வைப்பவர்கள் இரண்டு விரல் இடைவெளியாவது விடுங்கள்.

கொடைக்கானல், நாயுடுபுரம்

ஊட்டி அண்ணே சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். பாதிச் சண்டை கடையிலேயே தொடங்கிவிடுகிறது. ஒரே அளவில் 6 செ.மீ. மீன் இரண்டைக் காட்டி "பேர்", அதாவது ஜோடி என்பார்கள். நம்ப வேண்டாம். ஒரு தொட்டியில் ஒன்றாக நீந்துவதைப் பார்த்தாலொழிய அது ஜோடி இல்லை. ஒன்று 5 செ.மீ., இன்னொன்று 3 செ.மீ. என்று எடுங்கள். இல்லையென்றால் இரண்டுமே 3 செ.மீ. குட்டிகளாக எடுத்தால், எது பெரியது என்று அவையே தீர்த்துக்கொள்ளும். மூன்றாவது வேண்டவே வேண்டாம், ஜோடி சேர்ந்ததும் அதற்குத்தான் சாவு. பொரிப்பகத்தில் வளர்ந்ததா என்று கேட்டு வாங்குங்கள். மண்டபத்தில் மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தார் க்ளவுனைப் பொரிக்கவைத்து வளர்த்துக் காட்டியிருக்கிறார்கள், கடலில் பிடித்ததுதான் கிடைக்கும் என்ற நிலை இப்போது இல்லை. பொரிப்பகக் குட்டி தீனிக்கும் தொட்டிக்கும் சீக்கிரம் பழகும்.

பேக்கிங் தனித்தனிப் பையில் இருக்கட்டும். ஒரே பையில் போட்டால் மலை ஏறுவதற்குள் துடுப்பு கந்தலாகிவிடும். பையை டம்மென்று காற்றடைக்க விடாதீர்கள். சமவெளியில் அடைத்த காற்று இந்த உயரத்துக்கு வரும்போது முப்பது சதவீதம்வரை விரியும், முடிச்சு தளர்ந்து ஒழுகிவிடும்.

குன்னூர், வெலிங்டன்

பிரிப்பது பற்றி விரிவாகச் சொல்கிறேன். நம் ஊரில் மீன் சாவது பெரும்பாலும் சண்டையில் இல்லை, பிரித்துவைத்த இடத்தில்.

சமவெளியில் ஒரு கண்ணாடித் துண்டை நடுவில் செருகிவிடுவார்கள். இங்கே ஜனவரியில் அப்படிச் செய்தால் ஹீட்டர் இல்லாத பக்கம் விடிவதற்குள் பல டிகிரி இறங்கிவிடும். அடிவாங்கிய மீனைக் கொண்டுபோய்க் குளிரில் போட்ட மாதிரி. தடுப்பு எப்போதும் ஓட்டை உள்ளதாக இருக்க வேண்டும். எக் கிரேட் என்ற கட்டம் போட்ட பிளாஸ்டிக் தட்டைத் தொட்டியின் அகலத்துக்கு வெட்டி, சக்ஷன் கப் வைத்து நிறுத்துங்கள். 3 செ.மீ. குட்டி அந்தக் கட்டத்துக்குள் நுழைந்துவிடும், அதனால் தட்டு முழுக்கப் பிளாஸ்டிக் வலை ஒன்றை டேக் போட்டுக் கட்டுங்கள். பவர்ஹெட் நீரோட்டம் தட்டைத் தாண்டிப் போகிறதா என்று பார்த்து, இரண்டு பக்கமும் தெர்மாமீட்டர் வைத்தால் அரை டிகிரிக்கு மேல் வித்தியாசம் வரக்கூடாது.

இதைவிட எளிது, காய்கறி கழுவும் ஓட்டைக் கூடை. மூடி போட்டு, நீரோட்டம் படும் இடத்தில் விளிம்பில் தொங்கவிடலாம். கூடைக்குள் யாரைப் போடுவது? அடிப்பதைத்தான் போடணும். அடிவாங்கியது வெளியே சுற்றி, பாறை இடுக்கெல்லாம் பழகித் தின்று தேறட்டும். ஐந்து முதல் ஏழு நாள். ஒன்றையொன்று பார்க்கணும், தொடக் கூடாது. விடுவதற்கு முன் லைவ் ராக்கை (தொட்டியில் அடுக்கும் கடல் பாறை) இடம் மாற்றி அடுக்கி, பெரியதன் "வீடு" எது என்று தெரியாமல் செய்துவிடுங்கள். மாலையில் விளக்கு அணைக்கும் நேரத்தில், இரண்டுக்கும் வயிறு நிறைந்த பிறகு திறந்துவிடுங்கள். மறுநாள் காலையில் பழைய வேகத்திலேயே விரட்டினால் இன்னொரு வாரம் கூடை. அதற்குப் பிறகும் மாறவில்லையா, அந்த ஜோடி சேராது. சின்னதை மாற்றிவிடுங்கள், பிடிவாதம் வேண்டாம்.

க்ளவுன் குடியிருக்கும் கடல் உயிரான அனிமோன் இல்லாத தொட்டியில் பெண் மீன் ஹீட்டரையே வீடாகப் பிடித்துக்கொள்வதுண்டு. ஹீட்டரைச் சுற்றிக் காவல் காக்கும், சின்னதைக் கிட்ட விடாது, தானும் வயிற்றில் சூடு வாங்கிக்கொள்ளும். ஹீட்டருக்குப் பிளாஸ்டிக் உறை போட்டு, தொட்டியின் மறுகோடியில் கவிழ்த்த மண் பூந்தொட்டி ஒன்றை வையுங்கள். பெரும்பாலும் இடம் மாறிவிடும்.

கோத்தகிரி

100 லிட்டர் தொட்டிக்கு எத்தனை வாட் ஹீட்டர் அண்ணா? மரூன் வகை க்ளவுன் ஜோடி வைக்கலாமா? அடிவாங்கிய மீன் மேல் வெள்ளையாகச் சளி மாதிரி படிந்தால்?

ஊட்டி, ஃபிங்கர்போஸ்ட்

தம்பி, சமவெளிக்கு லிட்டருக்கு 1 வாட் போதும், நமக்கு 2. அதையும் ஒரே ஹீட்டராக வாங்காமல் 100 வாட் இரண்டாக வை. ஒன்று நின்றுபோனாலும் மற்றது தாங்கும், ஒன்று அணையாமல் ஒட்டிக்கொண்டாலும் தொட்டி வெந்துபோகாது. பின்னும் பக்கமும் தெர்மோகோல் ஒட்டிவிடு. கரண்ட் போய்த் தண்ணீர் 20க்கு இறங்கிவிட்டால், வந்ததும் அவசரப்படாமல் மணிக்கு 1 டிகிரிக்கு மேல் ஏறாமல் பார்த்துக்கொள். இன்வெர்ட்டரில் முதலில் ஏர் பம்ப், மிச்சம் இருந்தால் ஹீட்டர்.

மரூன் வேண்டாம். க்ளவுன் வகைகளிலேயே முரட்டு இனம், கன்னத்தில் முள் வேறு. பெண் 15 செ.மீ. வரை வளரும், 100 லிட்டரில் ஆண் ஒளிய இடமே இருக்காது. முதல் ஜோடிக்கு ஒசெல்லாரிஸ் வகை க்ளவுன். கறுப்பு ஒன்று ஆரஞ்சு ஒன்று என்றாலும் சேரும், இனம் ஒன்றுதான். ஒசெல்லாரிஸோடு டொமேட்டோ, க்ளார்கி என்று வேறு க்ளவுன் இனங்களைக் கலக்காதே.

சளி படிந்து, தீனி விட்டு, மூச்சு வாங்கினால் புரூக்ளினெல்லா என்ற ஒட்டுண்ணி நோயாக இருக்கலாம். ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாதே. தனித் தொட்டியில் ஃபார்மலின் மருந்து, அளவு லேபிளில் உள்ளபடி. ஃபார்மலின் ஆக்ஸிஜனைக் குறைக்கும், நம் உயரத்தில் ஏற்கெனவே குறைவு, ஆகவே ஏர் ஸ்டோன் இரண்டு. அந்தத் தொட்டிக்கும் ஹீட்டர் வேணும் என்பதை மறந்துவிடுகிறார்கள்.

கொடைக்கானல், நாயுடுபுரம்

நன்றாக இருந்த ஜோடி திடீரென்று முரண்டு பிடித்தால் முட்டை இருக்கிறதா என்று பாருங்கள். முட்டையிடுவதற்கு ஓரிரு நாள் முன்னாலிருந்தே இரண்டும் ஒரு பாறையையோ மண் பூந்தொட்டியையோ வாயால் கொத்திச் சுத்தம் செய்யும், பெண் ஆணை அந்த இடத்துக்கே தள்ளிக்கொண்டு போகும். அது சண்டை இல்லை. 27 டிகிரியில் ஏழெட்டு நாளில் பொரியும், தண்ணீர் குளிர்ந்தால் தள்ளிப்போகும். அந்த நாட்களில் கை விட்டால் கையையும் கடிக்கும், ராக் நகர்த்துவதைத் தள்ளிவையுங்கள். குளிர்காலத்தில் சூடான தண்ணீர் வேகமாக ஆவியாகி உப்பு ஏறும், ஆர்.ஓ. தண்ணீர் ஊற்றி உப்புநீரின் அடர்த்தியை 1.025இல் நிறுத்துங்கள். தண்ணீர் ஊற்றுவதை மட்டும் முட்டை இருக்கும் நாட்களிலும் தள்ளிவைக்க முடியாது.

பெண் செத்துப்போனால் மிச்சமிருப்பது மெல்லப் பெண்ணாக மாறும். புதுசு வாங்கும்போது அதைவிடப் பெரியது வாங்கிவிடாதீர்கள், பாதி அளவுக் குட்டியாக எடுத்து முதல் வாரம் கூடையில் வைத்துக் காட்டுங்கள். இந்த இடத்தில் மட்டும் கூடைக்குள் போவது சின்னது.