ஹேண்டில் பால்ரஸ் மாட்டிய கதை

சைக்கிளைத் தானே பிரித்து ரிப்பேர் செய்த கதையை எல்லாரும் சொல்கிறீர்கள், என் பங்குக்கு இது. அப்பாவின் பழைய பெரிய சைக்கிளில் முன் பிரேக் பிடித்தால் ஹேண்டிலுக்குக் கீழே "டக்" என்று ஒரு சத்தம் வரும். சரி, நாமே பார்ப்போம் என்று ஞாயிற்றுக்கிழமை வாசலில் உட்கார்ந்துவிட்டேன்.

பிரேக் கம்பியையும் முன்சக்கரத்தையும் கழற்றிவிட்டு, ஹேண்டில் போல்ட்டை மூன்று சுற்று தளர்த்தி, மேலே கட்டையை வைத்துச் சுத்தியலால் ஒரு தட்டு தட்டியதும் ஹேண்டில் கையோடு வந்தது. மேல் நட்டு, வாஷர், கோன் (குண்டுகளை மேலிருந்து அழுத்திப் பிடிக்கும் மரை வளையம்) என்று வரிசையாகக் கழற்றி, முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கை இறக்கினால், ஹேண்டில் லேசாகத் திரும்புவதற்காக உள்ளே இருக்கும் பால்ரஸ் குண்டெல்லாம் கொட்டியது; நல்லவேளை, அம்மாவின் பழைய முறத்தைக் கீழே வைத்திருந்தேன். மண்ணெண்ணெயில் கழுவிவிட்டு குண்டுகள் உருளும் கீழ் வளையமான ரேஸை நகத்தால் தடவினால் வரிசையாகக் குட்டிக் குட்டிப் பள்ளங்கள். ஹேண்டில் பெரும்பாலும் நேராகவே இருப்பதால் குண்டுகள் ஒரே இடத்தில் நின்று அதிர்ந்து அதிர்ந்து குழியாக்கிவிடுகின்றன.

பழைய குண்டு ஒன்றைக் கடைக்குக் கொண்டுபோய் அதே அளவில் புதியது வாங்கினேன். குண்டுகள் உட்காரும் கிண்ணமான கப்பில் கிரீஸைத் தாராளமாக அப்பினால் குண்டு விழாமல் ஒட்டிக்கொள்ளும், ஆனால் குண்டுகளை முழுக்க அடைக்காமல் கொஞ்சம் இடைவெளி விட வேண்டும்.

சொதப்பியது அதற்கப்புறம்தான். கோனை ஆட்டம் துளியும் இல்லாமல் கையால் கச்சிதமாக வைத்துவிட்டு, மேல் நட்டை முறுக்கினேன். தெருமுனை தாண்டுவதற்குள் வண்டி குடித்தவன் போல இந்தப் பக்கம் அந்தப் பக்கம் வளைகிறது, நேராகவே போகவில்லை! மரையில் இருக்கும் கொஞ்சம் இடைவெளியை நட்டு அழுத்தி எடுத்துவிட, கோன் இன்னும் கீழே இறங்கிக் குண்டுகளை நெரித்திருக்கிறது. மறுபடி பிரித்து, கோனை அரைக்கால் சுற்று தளர்த்தி, லேசான ஆட்டத்தோடு விட்டு, துணி சுற்றிய பைப் ரெஞ்சால் அதைப் பிடித்துக்கொண்டு நட்டை இறுக்கினேன். அதுவும் மூன்றாம் முறைதான் சரியாக வந்தது.

முன் பிரேக்கைப் பிடித்து வண்டியை முன்னும் பின்னும் தள்ளும்போது, கப்பும் கோனும் சேரும் இடத்தில் விரல் வைத்தால் அசைவு தெரியக் கூடாது. முன்பக்கத்தைத் தூக்கிச் சாய்த்தால் ஹேண்டில் தானாகத் திரும்ப வேண்டும். என்னுடையது திரும்புகிறது, நடுவில் மட்டும் அந்தப் பள்ளத்தில் ஒரு கணம் உட்கார்ந்துவிட்டு. புது கப்-கோன் செட் வாங்கும்வரை ஓடட்டும்.