மலை இறக்கத்தில் பிரேக் பெடல் தரைவரை போனது, ஆறியதும் சரியாகிவிட்டது. மறுபடி இறங்கலாமா? (ஓமான், வாதி பனி அவ்ஃப்)

மத்ரா மாலுமி:

வணக்கம். ஹஜர் மலையில் வண்டி ஓட்டிப் பழகியவர்கள் கொஞ்சம் வழி சொல்லுங்கள்.

போன வெள்ளிக்கிழமை நண்பர்களோடு இரண்டு வண்டியில் கிளம்பினோம். அல் ஹம்ராவிலிருந்து மேலே ஏறி, ஷரஃப் அல் அலமைன் உச்சியில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, அந்தப் பக்கம் ஹாத் கிராமத்துக்கு இறங்குவது, கீழே லிட்டில் ஸ்னேக் கேன்யனில் நடப்பது, அப்புறம் வாதி பனி அவ்ஃப் (வாதி என்றால் மழையில் வெள்ளம் ஓடும் மலைப் பள்ளத்தாக்கு) வழியாக அல் அவாபி வந்து ருஸ்தாக் ரோட்டைப் பிடித்து வீடு திரும்புவது என்று திட்டம்.

என் வண்டி 2015 மாடல். பெட்ரோல், ஆட்டோமேட்டிக், 2ஹெச் (இரு சக்கர ஓட்டம்), 4ஹெச் (நாலு சக்கர ஓட்டம்), 4எல் (நாலு சக்கரம், மெதுவான கியர்) என்று குமிழைத் திருப்புகிற பார்ட் டைம் ஃபோர் வீல். ஐந்து பேர், ஐஸ் பெட்டி, தண்ணீர், சாப்பாடு என்று நல்ல பாரம். 4ஹெச் போட்டு 'டி'யில் இறங்கினேன். ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பள்ளம், காலடியில் சரளை. பாதி இறக்கம் தாண்டியதும் கருகல் வாசனை வந்தது. அடுத்த வளைவில் மிதித்தபோது பெடல் வழக்கத்தைவிடக் கீழே போனது. அதற்கடுத்த வளைவில் ஏறக்குறைய தரையைத் தொட்டுவிட்டது. வேகமாக நாலைந்து முறை மிதித்ததில் கொஞ்சம் பிடித்தது. அப்படியே கியரை 'எல்'லுக்குத் தள்ளி, ஹேண்ட் பிரேக்கையும் இழுத்து, பாறைப் பக்கம் ஒதுக்கி நிறுத்தினேன். முன் சக்கரம் இரண்டிலும் புகை. ஒரு நண்பர் தண்ணீர் பாட்டிலோடு ஓடி வந்தார், ஊற்ற வேண்டாம் என்று தடுத்துவிட்டேன். சக்கரத்துக்குக் கல் வைத்துவிட்டு முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். பெடல் பழைய உயரத்துக்கே திரும்பி வந்தது. மீதி இறக்கத்தை 4எல்லில் மெதுவாக முடித்தோம், ஒரு தொந்தரவும் இல்லை.

கேன்யன் அருமையாக இருந்தது. சில இடங்களில் இரண்டு கையையும் விரித்தால் இரண்டு சுவரையும் தொடலாம். தண்ணீர் இழைத்து இழைத்து வழவழப்பாக்கிய வெள்ளைப் பாறை. ஒரு மடுவில் தண்ணீர் நெஞ்சுவரை வந்ததால் பையைத் தலையில் வைத்துக்கொண்டு கடந்தோம்.

திரும்பும்போது இன்னொன்று. தார் ரோடு வந்ததும் 2ஹெச்சுக்குத் திருப்பினேன். ஃபோர் வீல் விளக்கு அணையாமல் சிமிட்டிக்கொண்டே இருந்தது. திருப்பங்களில் வண்டியை யாரோ பிடித்து இழுக்கிற மாதிரி ஸ்டியரிங் கனத்தது. பெட்ரோல் பங்கில் ரிவர்ஸ் எடுத்தபோது 'டக்' என்று ஒரு சத்தம், விளக்கு அணைந்துவிட்டது.

மறுநாள் கராஜில் காட்டினேன். "பேட் பாதிக்கு மேல் இருக்கிறது, ஆயில் அளவும் சரி, ஒன்றுமில்லை" என்று அனுப்பிவிட்டார்கள். எனக்கு மனசு ஒப்பவில்லை. அடுத்த மாதம் ஊரிலிருந்து தம்பி குடும்பம் வருகிறது. குழந்தைகளோடு இதே வழியில் போக ஆசைப்படுகிறார்கள். பிரேக்கில் என்னதான் கோளாறு? அந்த விளக்கு வேறு எதையாவது காட்டுகிறதா?

நிஸ்வா நாடோடி:

தடுத்தீர்களே, அது பெரிய காரியம். சூடேறிய டிஸ்க்கில் (சக்கரத்தோடு சுற்றும் பிரேக் தட்டு) தண்ணீர் பட்டால் வளைந்துவிடும், விரிசலும் விடலாம்.

மூன்று கேள்வி. பெடல் மெத்தென்று உள்ளே போனதா, அல்லது கல் மாதிரி இறுக்கமாக இருந்தும் வண்டி நிற்கவில்லையா? இறங்கும்போது கால் பிரேக்கிலேயே இருந்ததா? பிரேக் ஆயில் கடைசியாக எப்போது மாற்றியது?

மத்ரா மாலுமி:

மெத்தென்று உள்ளே போனது, இறுக்கம் கொஞ்சமும் இல்லை. கால் பெரும்பாலும் பிரேக்கில்தான் இருந்தது, லேசாக அழுத்தியபடி. வண்டி செகண்ட் ஹேண்டில் வாங்கியது. சர்வீஸ் புத்தகத்தில் எஞ்சின் ஆயில் மாற்றிய விவரம் எல்லாம் இருக்கிறது, பிரேக் ஆயில் மாற்றியதாக ஒரு வரிகூட இல்லை.

பழைய பட்டறை:

தம்பி, விடை உங்கள் பதிலிலேயே இருக்கிறது. பிரேக் ஆயில் கொதித்திருக்கிறது.

இறக்கத்தில் பிரேக் இரண்டு விதமாகக் கைவிடும். டிஸ்க்கை அழுத்திப் பிடிக்கிற பேட் அளவுக்கு மேல் சூடானால் பெடல் இறுக்கமாகவே இருக்கும், ஆனால் வண்டி நிற்காது. ஆயில் கொதித்தால் குழாய்க்குள் ஆவிக் குமிழி உண்டாகும். திரவத்தை அழுத்தினால் சுருங்காது, ஆவி சுருங்கும். நீங்கள் மிதித்த மிதி முழுக்க அந்தக் குமிழியைச் சுருக்கவே செலவாகிவிடும், பேட்டை அழுத்துகிற காலிப்பருக்குப் போய்ச் சேராது. அதனால்தான் பெடல் தரையைத் தொட்டது. வண்டி ஆறியதும் ஆவி மறுபடி திரவமாகிவிடும், பெடலும் மேலே வந்துவிடும். மறுநாள் கராஜில் நின்றபடி மிதித்துப் பார்க்கிறவருக்கு எல்லாம் சரியாகத்தான் தெரியும்.

பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். மஸ்கட் மாதிரிக் கடலோர ஊரில் அதற்கு ஈரத்துக்குப் பஞ்சமில்லை. டாட் 3 (பிரேக் ஆயிலின் ஒரு தர வகை) ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக்கூடாது என்பது தரம். 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்த நிலையில் அந்த வரம்பு 140 ஆக இறங்கிவிடும். டாட் 4க்கு இதே கணக்கு 230, 155. ஊருக்குள் ஓட்டும்போது 140 டிகிரி ஆயிலே போதும், ஒரு குறையும் தெரியாது. மலையில்தான் தெரியும்.

எவ்வளவு வெப்பம் என்று ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆளும் சாமானும் சேர்த்து 2,400 கிலோ உள்ள வண்டி 1,000 மீட்டர் உயரம் இறங்கினால், வெளியேற வேண்டிய ஆற்றல் 30 டிகிரியில் உள்ள 80 லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுபோகப் போதும். கொஞ்சம் டயரிலும் காற்றிலும் போகும். மீதியை எஞ்சின் வாங்க வேண்டும், இல்லையென்றால் நாலு டிஸ்க் வாங்க வேண்டும். 'டி'யில் விட்டால் கியர் தானாக மேலே ஏறிவிடும், எஞ்சின் பிடிக்காது, எல்லாம் டிஸ்க் தலையில்தான் விழும். அதிலும் லேசாக அழுத்திக்கொண்டே வருவதில் டிஸ்க்குக்கு ஆற நேரமே கிடைக்காது.

செய்ய வேண்டியது: ஆயிலை முழுதாக மாற்றி, நாலு சக்கரத்திலும் ப்ளீடிங் (குழாயிலுள்ள பழைய ஆயிலையும் காற்றையும் வெளியேற்றுவது). சும்மா டப்பாவில் உறிஞ்சி எடுத்து மேலே ஊற்றுவது பத்தாது. கொதித்த ஆயில் காலிப்பர் பக்கம்தான் இருக்கிறது. ஆயில் டப்பா மூடியில் என்ன போட்டிருக்கிறது என்று பார்த்து டாட் 3 அல்லது டாட் 4 போடுங்கள். டாட் 5 என்பது சிலிகான் ஆயில், இதோடு கலக்கவே கூடாது. இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாற்றிவிடுங்கள். கூடவே பேட்டைக் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். மேல்பக்கம் கண்ணாடி மாதிரி பளபளத்தால் தடிமன் எவ்வளவு இருந்தாலும் மாற்றத்தான் வேண்டும். காலிப்பர் பின் தடையில்லாமல் ஓடுகிறதா, ரப்பர் ஹோஸ் எங்காவது புடைத்திருக்கிறதா என்பதும் முக்கியம்.

விளக்கு சிமிட்டியது கோளாறு இல்லை. பார்ட் டைம் ஃபோர் வீலில் முன் அச்சும் பின் அச்சும் ஒரே வேகத்தில் சுற்றும்படி பூட்டப்பட்டிருக்கும். திருப்பத்தில் முன் சக்கரம் அதிக தூரம் போக வேண்டும். சரளையில் சக்கரம் கொஞ்சம் வழுக்கி அந்த வித்தியாசத்தை விட்டுக்கொடுத்துவிடும். தாரில் வழுக்க வழியில்லை, முறுக்கு உள்ளேயே தேங்கிக் கியர் பல்லைப் பிடித்துக்கொள்ளும். ரிவர்ஸில் அது அவிழ்ந்ததுதான் அந்த 'டக்'. இனிமேல் சரளை முடிவதற்குள்ளேயே 2ஹெச்சுக்கு வந்துவிடுங்கள். 4எல்லிலிருந்து மாற்றும்போது வண்டியை முழுதாக நிறுத்தி, நியூட்ரலில் வைத்துத் திருப்ப வேண்டும். விளக்கு அடங்கவில்லை என்றால் நேராக முன்னும் பின்னும் சில அடி நகர்த்துங்கள்.

வேகமே துணை:

இதற்கு ஏன் இவ்வளவு விளக்கம்? நல்ல கம்பெனியின் ஹெவி டியூட்டி பேட், துளை போட்ட டிஸ்க் இரண்டும் மாட்டினால் எந்த மலையும் இறங்கலாம். நான் அப்படித்தான் ஓட்டுகிறேன்.

பழைய பட்டறை:

நல்ல பேட் போடுவதில் தப்பில்லை. ஆனால் அதிகச் சூட்டைத் தாங்கும் பேட்டை மாட்டிவிட்டு ஆயிலைப் பழையதாகவே விட்டால், பேட் பிடித்துக்கொண்டே இருக்கும், சூடும் ஏறிக்கொண்டே இருக்கும், ஆயில் கொதித்துவிடும். இவருக்கு வந்த கோளாறு பேட்டில் இல்லை. முதலில் ஆயில், அப்புறம் இறங்கும் முறை. பேட் எல்லாம் அதற்கு அடுத்தது.

கொல்லிமலை டிரைவர்:

நாங்கள் 70 கொண்டை ஊசி வளைவு இறங்குகிற ஆட்கள். வண்டி கற்றுக்கொடுத்த அண்ணன் முதல் நாளே சொன்னது: ஏறின கியரிலேயே இறங்கு. மேனுவல் வண்டிக்காரர்கள் இதை மறப்பதில்லை. ஆட்டோமேட்டிக் வந்தபிறகு 'டி'யில் போட்டுவிட்டு எல்லாவற்றையும் பிரேக்கிடம் ஒப்படைத்துவிடுகிறோம்.

ஹாத் இறக்கத்துக்கு மேலே நின்றே 4எல் போடுங்கள். பல வண்டிகளில் அது எஞ்சின் பிடிப்பை ஏறக்குறைய இரண்டரை மடங்கு கூட்டிக் கொடுக்கும். முதல் கியரில் இறங்குங்கள், கால் பிரேக்கில் இருக்கக் கூடாது. வேகம் கூடுகிற மாதிரித் தெரிந்தால் ஒரு அழுத்து அழுத்தி, வேகத்தைக் குறைத்து, முழுதாக விட்டுவிடுங்கள். எஞ்சின் சத்தமாக உறுமும், பயப்பட வேண்டாம், ஆர்.பி.எம். சிவப்புக் கோட்டைத் தொடாமல் பார்த்துக்கொண்டால் போதும். எதிரே ஏறி வருகிற வண்டிக்கு வழி விடுங்கள், ஏற்றத்தில் நின்றவன் மறுபடி கிளம்புவது கஷ்டம்.

ஜபல் அக்தருக்கு நல்ல தார் ரோடுதான். அப்படியும் பிர்கத் அல் மௌஸ் சோதனைச்சாவடியில் ஃபோர் வீல் இல்லாத வண்டியைத் திருப்பி அனுப்பிவிடுகிறார்கள். இந்த ஊர் இறக்கத்தை போலீஸே எவ்வளவு பெரிதாக எடுத்துக்கொள்கிறார்கள் என்று புரிந்துகொள்ளுங்கள்.

வாதி நடை:

எல்லோரும் பிரேக்கையே பேசுகிறீர்கள். தம்பி குடும்பம், குழந்தைகள் என்று எழுதியிருக்கிறீர்களே, அதைச் சொல்லவே வந்தேன்.

உங்களுக்கு நெஞ்சளவு இருந்த மடுவில் குழந்தை மூழ்கிவிடும். மழைக்குப் பிறகு மடுவின் ஆழமும் மாறிவிடும், போன தடவை நின்ற இடத்தில் இந்தத் தடவை நிற்க முடியாது. குழந்தைகளை லிட்டில் ஸ்னேக்கின் வாய்வரை கூட்டிப்போய், கணுக்கால் தண்ணீரில் விளையாடவிட்டுத் திரும்புங்கள். மேலே இருக்கிற பெரிய ஸ்னேக் கேன்யன் கயிறும் நீச்சலும் குதியும் வேண்டிய இடம், குடும்பத்துக்கான பேச்சே இல்லை.

அடுத்த தடவை சுவரை நிமிர்ந்து பாருங்கள். தலைக்கு மேலே பாறை இடுக்கில் ஈச்சமட்டையும் சுள்ளியும் செருகிக்கொண்டிருக்கும். யாரும் வைத்ததில்லை, வெள்ளம் வந்த உயரம் அது. உங்கள் தலைமேல் நீலவானம் இருக்கும்போதே மேலே மலையில் பெய்த மழை இறங்கி வரும். கோடையில் பிற்பகல் ஆனால் ஹஜர் மலைமேல் இடிமேகம் திரளும். அதனால் காலையிலேயே நடந்து முடித்து, மத்தியானத்துக்குள் வெளியே வந்துவிட வேண்டும். தெளிந்த தண்ணீர் கலங்கினாலோ, திடீரென்று சருகு மிதந்து வந்தாலோ, இரைச்சல் கேட்டாலோ பையை எடுக்கக்கூடத் திரும்பாதீர்கள். உடனே மேட்டுக்கு ஏறுங்கள். ஓடுகிற வாதியில் தெரிந்தே வண்டியை இறக்குவது இங்கே சட்டப்படி குற்றமும்கூட.

உள்ளே சிக்னல் கிடைக்காது. எத்தனை மணிக்குத் திரும்புவோம், அதைத் தாண்டினால் 9999க்குச் சொல்ல வேண்டும் என்று மஸ்கட்டில் ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள். ரிமோட் சாவியை நீர்புகாப் பையில் வையுங்கள், இல்லையென்றால் மாற்றுச் சாவியை இரண்டாவது வண்டிக்காரரிடம் கொடுங்கள்.

என்னைக் கேட்டால் குடும்பத்தோடு அந்த ஹாத் இறக்கமே வேண்டாம். அல் அவாபி பக்கமிருந்து வாதிக்குள் நுழைந்து பிலாத் சைத் வரை போய், அதே வழியில் திரும்புங்கள். அங்கேயும் ஏற்ற இறக்கம் உண்டு, ஆனால் ஹாத் பக்கத்தோடு பார்த்தால் எவ்வளவோ மேல். மலை நடுவே அந்தக் கால்பந்து மைதானத்தையும் பேரீச்சந்தோட்ட அடுக்குகளையும் பார்த்தாலே குழந்தைகளுக்கு மனசு நிறைந்துவிடும். ஊருக்குள் வண்டியை ஓட்டாமல் வெளியே நிறுத்திவிட்டு நடந்து போங்கள், அது மக்கள் குடியிருக்கிற இடம்.

மத்ரா மாலுமி:

அனைவருக்கும் நன்றி. வேறு கராஜுக்குப் போய், பிரேக் ஆயிலை ஈரம் பார்க்கும் கருவி வைத்துச் சோதிக்கச் சொன்னேன். 3 சதவீதத்துக்கு மேல் காட்டியது. ப்ளீடிங் செய்யும்போது முன் சக்கரத்திலிருந்து வந்த ஆயில் டீ டிகாக்‌ஷன் நிறத்தில் இருந்தது. முன் பேட் இரண்டு ஜோடியும் பளபளப்பேறிப் போயிருந்ததால் மாற்றியாயிற்று. ஒரு காலிப்பர் பின் இறுகியிருந்தது, சுத்தம் செய்து கிரீஸ் போட்டார்கள். பெடல் இப்போது முன்பைவிட மேலேயே பிடிக்கிறது, வாங்கிய நாளிலிருந்து இப்படி இருந்ததே இல்லை.

அப்புறம் அமராத்திலிருந்து பௌஷர் போகிற மலை ரோட்டில் தனியாக இறங்கிப் பார்த்தேன். தார் என்பதால் 2ஹெச்தான், கியர் மட்டும் கீழே. கீழே வந்து ஓரமாக நிறுத்தி, சக்கரத்தின் பக்கத்தில் கையைக் கொண்டுபோனேன். வெதுவெதுப்புதான், வாசனை ஏதும் இல்லை.

'வாதி நடை' அக்கா சொன்னபடி தம்பி குடும்பத்தை அவாபி பக்கமாகவே கூட்டிப்போகிறேன். கேன்யனுக்குள் பெரியவர்கள் மட்டும், அதுவும் காலையில். ஒரே ஒரு சந்தேகம்: அன்று திரும்பும்போது வாதியில் சில இடங்களில் அரைச் சக்கரம் வரை தண்ணீர் நின்றது. அதற்கு ஏதாவது பார்க்க வேண்டுமா?

பழைய பட்டறை:

பார்க்க வேண்டும். சூடாக இருக்கிற அச்சு குளிர்ந்த தண்ணீரில் இறங்கினால் உள்ளே காற்று சுருங்கும். ப்ரீதர் குழாய் (அச்சுக்குள் காற்று போய்வரும் குழாய்) அடைத்திருந்தால் சீல் வழியாகத் தண்ணீரை இழுத்துக்கொள்ளும். முன், பின் டிஃபரென்ஷியல் (அச்சின் நடுவிலுள்ள கியர் பெட்டி) இரண்டிலும் மேல் நட்டைத் திறந்து விரல்விட்டு ஆயிலைத் தொட்டுப் பாருங்கள். பால் கலந்த மாதிரி வெளுத்திருந்தால் தாமதிக்காமல் மாற்றிவிடுங்கள், பேரிங் போய்விடும். தெளிவாக இருந்தால் நட்டை மூடிவிட்டு, ப்ரீதரை மட்டும் ஊதிச் சுத்தம் செய்யச் சொல்லுங்கள். தண்ணீரைக் கடந்து வெளியே வந்ததும் கொஞ்ச தூரம் பிரேக்கை லேசாக அழுத்தியபடி ஓட்டி, பேட்டை உலர்த்திக்கொண்டு அப்புறம் வேகமெடுங்கள்.