கிராஃப்டன் ஆர்க்கிடெக்ட்ஸ் கட்டிய கட்டடம் எதற்குள்ளாவது போயிருக்கிறீர்களா?

டப்ளினிலிருந்து (திரியைத் தொடங்கியவர்):

நான் கட்டடக் கலைஞன் இல்லை, கம்ப்யூட்டர் ஆள். மதியம் சாப்பிட்டுவிட்டு மெரியன் ரோ வழியாக ஒரு நடை போவேன். அங்கே ஹியூகனாட்டுகளின் (பிரான்ஸிலிருந்து தப்பி வந்த புராட்டஸ்டண்டுகள்) பழைய கல்லறைத் தோட்டம் ஒன்று இருக்கிறது, 1693ஆம் ஆண்டைச் சேர்ந்தது. அதை ஒட்டி ஒரு சாம்பல் நிறச் சுண்ணாம்புக்கல் கட்டடம். மூன்று வருஷம் அதைத் திரும்பிப் பார்க்காமலே போய்வந்திருக்கிறேன். ஒருநாள் மழைக்கு ஒதுங்கி எதிர்ப்பக்கம் நின்றபோதுதான் சரியாகப் பார்த்தேன். சன்னல்கள் கல்லைக் குடைந்து வைத்தாற்போல உள்வாங்கி இருந்தன. பக்கத்துக் கல்லறைச் சுவருக்குத் தானும் சொந்தக்காரன் என்பதுபோல நின்றது.

விசாரித்தால் அது நிதித்துறை அலுவலகம், 2009இல் முடிந்தது. அடுத்த வருஷமே நாடு ஐ.எம்.எஃப். வாசலில் போய் நின்றது. பாவம், அதற்குக் கட்டடம் என்ன செய்யும்!

கட்டியது கிராஃப்டன் ஆர்க்கிடெக்ட்ஸ். இவோன் ஃபாரல், ஷெல்லி மெக்னமாரா என்ற இரண்டு பெண்கள் 1978இல் தொடங்கியது. தங்கள் பெயரை வைக்காமல், முதல் அலுவலகம் இருந்த கிராஃப்டன் தெருவின் பெயரையே வைத்துவிட்டார்கள். 2020இல் கட்டடக்கலையின் நோபல் என்று சொல்லப்படும் பிரிட்ஸ்கர் பரிசு வாங்கினார்கள். இரண்டு பெண்கள் சேர்ந்து அதை வாங்கியது அதுதான் முதல் தடவை. அவர்களின் பெரிய வேலைகளில் பலவும் பல்கலைக்கழகங்கள்தாம். யாராவது உள்ளே போய் உட்கார்ந்து பார்த்திருந்தால் சொல்லுங்கள். விருதுப் பட்டியல் கூகுளில் கிடைக்கும், அது வேண்டாம்.

டோல்வொர்த், லண்டன்:

விருது விபரம் எனக்குத் தெரியாது தம்பி. கிங்ஸ்டன் பல்கலைக்கழகத்தின் டவுன் ஹவுஸ் எங்கள் வீட்டிலிருந்து பஸ்ஸில் கொஞ்ச நேரம்தான். மகள் அங்கே படிக்கும்போது ஒருநாள் அவளைக் கூட்டிவரப் போய், ஒரு மணித்தியாலம் முந்தியே போய்ச் சேர்ந்துவிட்டேன். வெளியே குளிர். உள்ளே போனால் அடையாள அட்டை கேட்பார்கள் என்று கைப்பைக்குள் தேடிக்கொண்டே நடந்தேன். ஒருவரும் கேட்கவில்லை. ஒரு கோப்பி வாங்கிக்கொண்டு படிக்கட்டுப் பக்கமாக இருந்தேன்.

அந்தப் படிக்கட்டைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். ஏறுவதற்கு மட்டும் என்று கட்டவில்லை. அகலமாக இருக்கிறது. இரண்டு பிள்ளைகள் நின்று கதைத்தாலும் மூன்றாவது ஆள் இடிபடாமல் போகலாம். அப்புறம் அண்ணாந்து பார்த்தேன். ஒரு தட்டில் நின்றால் மற்றத் தட்டில் நடப்பது தெரிகிறது. நூலகமும் நடன அறைகளும் ஒரே கூரைக்குள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நாலைந்து பிள்ளைகள் வெறுங்காலோடு ஒரே அடவைத் திரும்பத் திரும்பச் செய்துகொண்டிருந்தார்கள். அடவு என்று பழக்கத்தில் சொல்லிவிட்டேன், அது வேறு நடனம். மேலே ஒரு பெடியன் புத்தகத்தை மூடாமலே அவர்களைப் பார்த்துக்கொண்டு நின்றான். படிக்கிற பிள்ளையின் கவனம் கலையுமே என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது. பிறகு பார்த்தால் நானும் அரைமணித்தியாலமாக அதைத்தான் பார்த்துக்கொண்டு இருக்கிறேன்.

மகள் வந்து, “அம்மா, இதுக்குத்தான் 2021இல் பிரிட்டனின் சிறந்த கட்டடத்துக்கான ஸ்டெர்லிங் பரிசு கிடைச்சது” என்றாள். சரி, நல்லது என்றேன்.

பெயர் சொல்லாத ஒருவர்:

எல்லாம் சரி, ஏன் எல்லாமே காங்கிரீட்? பெரு நாட்டின் லிமாவில் இவர்கள் கட்டிய யூடெக் பல்கலைக்கழகத்தின் படத்தைப் பார்த்தேன். கிரிக்கெட் ஸ்டேடியத்தின் பின்பக்கம் மாதிரி இருக்கிறது. இதற்குப் பரிசு வேறு.

மிலானில் படித்த ஒரு ஆர்க்கிடெக்ட்:

ஸ்டேடியம் என்றது தப்பில்லை, சாய்ந்த சட்டங்களை அடுக்கினால் அப்படித்தான் தெரியும். ஆனால் லிமா கடலோரச் செங்குத்துப் பாறைமேல் இருக்கிற ஊர். அந்தப் பாறையைப் போல ஒன்றை நகருக்குள் எழுப்பியிருக்கிறார்கள். ஒரு பக்கம் பள்ளத்தில் விரைவுச் சாலை, அந்த இரைச்சலுக்கு முதுகைக் காட்டி நிற்கிறது. மறுபக்கம் படிப்படியாக இறங்கி, செடிகொடியோடு வீடுகளின் உயரத்துக்கு வந்துவிடும். அங்கே கடும் வெயிலும் இல்லை, மழையும் அபூர்வம். அதனால் நடைவழிகளையும் படிகளையும் திறந்தே விட்டுவிட்டார்கள், காற்று பாட்டுக்குப் போய்வரும். ரீபா என்ற பிரிட்டிஷ் கட்டடக் கலைஞர் சங்கத்தின் சர்வதேசப் பரிசை 2016இல் முதன்முதலாகக் கொடுத்தபோது இதற்குத்தான் கொடுத்தார்கள். நான் அங்கே போனதில்லை, வரைபடத்தை வைத்துச் சொல்கிறேன்.

நான் போனது மிலானின் போக்கோனி பல்கலைக்கழகத்தில் இவர்கள் கட்டிய கட்டடம். 2008இல் பார்சிலோனாவில் முதல் உலகக் கட்டடக்கலை விழா நடந்தபோது அந்த ஆண்டின் சிறந்த கட்டடம் என்று பெயர் வாங்கியது. அயர்லாந்துக்கு வெளியே இவர்களை ஊர் அறிய வைத்தது அதுதான். வியாலே பிளின்யியில் ட்ராமுக்கு நிற்கும்போது மூலையில் ஒரு பெரிய கண்ணாடி தெரியும். நாம் தெருமட்டத்தில் நிற்கிறோம், உள்ளே ஆட்கள் நம் காலுக்குக் கீழே நடந்துகொண்டிருப்பார்கள். நிலவறையில் வெளிச்சம் எப்படி என்று முதல்முறை குழம்பினேன்.

சூத்திரம் மேலே இருக்கிறது. பேராசிரியர்களின் அறைகளைத் தரையிலிருந்து அடுக்கவில்லை, கூரை உத்திரங்களிலிருந்து தொங்கவிட்டிருக்கிறார்கள். பாரம் மேலே போய்விட்டதால் கீழே பெரிய இடம் திறந்துகொண்டது. தொங்கும் அறைகளுக்கு நடுவே விட்ட இடைவெளி வழியாக வெளிச்சம் நிலவறைவரை இறங்குகிறது. வெளியே போர்த்தியிருப்பது செப்போ என்ற சாம்பல் கல், மிலானின் பழைய கட்டடங்களில் பார்க்கலாம். ஆயிரம் பேர் உட்காரும் அரங்கைக் கொண்டுபோய்த் தெருமுனையிலேயே நிறுத்தியிருக்கிறார்கள். தெருவில் போகிறவனுக்கும் பல்கலைக்கழகத்தில் ஒரு பங்கு.

ஏன் எல்லாமே காங்கிரீட் என்று கேட்டது நியாயம்தான், அதைத் தயாரிப்பதில் நிறையக் கார்பன் வெளியாகிறது, மழுப்ப விரும்பவில்லை. இப்போது அமெரிக்காவில் ஆர்கன்சா பல்கலைக்கழகத்துக்கு மரத்தாலேயே ஒன்று வடிவமைத்திருக்கிறார்கள்.

அப்புறம் ஒன்று. 2018இல் வெனிஸ் பியன்னாலே என்ற சர்வதேசக் கட்டடக்கலைக் கண்காட்சியை நடத்தியது இவர்கள் இருவரும்தான். தலைப்பு ‘ஃப்ரீஸ்பேஸ்’. யாரும் கேட்காமலே கட்டடம் கொடுக்கிற இடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு அவர்கள் காட்டிய உதாரணம், ஸ்பெயினின் மயோர்கா தீவில், சிட்னி ஆப்பரா ஹவுஸை வடிவமைத்த யோர்ன் உட்சன் தனக்குக் கட்டிக்கொண்ட வீட்டின் வாசலில் இருக்கும், உடம்புக்கு ஏற்ற வளைவோடு ஓடு பதித்த ஒரு காங்கிரீட் இருக்கை. படித்ததும் சிரித்துவிட்டேன். இதற்கு நம்மிடம் திண்ணை என்று பேர் இருக்கிறதே!

டோல்வொர்த், லண்டன்:

திண்ணை என்று சுலபமாகச் சொல்லிவிட்டீர்கள். எங்கள் ஊரில் திண்ணையில் யார் இருக்கலாம், யார் முற்றத்தோடு நிற்க வேண்டும் என்று வீட்டுக்காரர் பார்த்துத்தான் விடுவார். எல்லாரையும் இருத்தவில்லை. கிங்ஸ்டனில் என்னை யாரும் அப்படிப் பார்க்கவில்லை, அதனால்தான் அது எனக்கு ஞாபகத்தில் நிற்கிறது.

மிலானில் படித்த ஒரு ஆர்க்கிடெக்ட்:

ஒப்புக்கொள்கிறேன் அக்கா. அவசரப்பட்டுவிட்டேன்.

லிமெரிக்கிலிருந்து:

இரவு ட்யூட்டி முடிந்து வந்து எழுதுகிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். இங்கே பல்கலைக்கழகம் ஷானன் ஆற்றின் இரண்டு கரையிலும் இருக்கிறது. நடந்து கடக்க லிவிங் பிரிட்ஜ் என்று ஒரு நீளப் பாலம் (அது இவர்கள் வேலை இல்லை). அதைத் தாண்டினால் கிளேர் மாவட்டம், அந்தக் கரையில்தான் இவர்களின் மருத்துவக் கல்லூரி, 2012இல் முடிந்தது. மாணவர் விடுதிகள் செங்கல், கல்லூரி மட்டும் சுண்ணாம்புக்கல். மெக்னமாரா பிறந்த லிஸ்டூன்வார்னாவும் கிளேரில்தான் இருக்கிறது. அந்த ஊருக்குப் பக்கத்துப் பர்ரன் வெளி முழுக்கச் சுண்ணாம்புப் பாறை. அந்தக் கையில் கல் பழகியிருப்பதில் ஆச்சரியம் இல்லை.

விடுமுறை நாளில் பாலத்தைக் கடந்து அங்கே போய் நிற்பேன். கட்டடத்தின் ஒரு முனையில் தூண்களோடு கூரை போட்ட இடம் உண்டு. அந்தக் கல்லூரி மாணவர் அல்லாதவர்களும் நிற்கலாம். ஒருமுறை மழை பிடித்துக்கொண்டது. வெயிலில் வெள்ளைச் சாம்பலாக இருந்த கல், நனைய நனைய மேலிருந்து கருத்துக்கொண்டே வந்தது, நம் ஊர் அம்மிக்கல்லில் தண்ணீர் விட்ட மாதிரி. நனையாத இடம் மட்டும் சன்னலுக்குக் கீழே வெளுத்த பட்டையாக நின்றது. மழை விட்டபிறகும் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுத்தான் போனேன்.

டப்ளினிலிருந்து:

அடுத்த வங்கி விடுமுறைக்கு லிமெரிக் வரலாம் என்று இருக்கிறேன். எந்த நேரத்தில் பார்த்தால் நன்றாக இருக்கும்?

லிமெரிக்கிலிருந்து:

மழை வரும் நேரம். இங்கே அது பெரும்பாலும் எந்த நேரமும்தான். குடை எடுத்து வராதீர்கள், பாலத்தில் காற்று பிடுங்கிக்கொண்டு போய்விடும். ரெயின்கோட் போதும்.