விக்டர் கிரேசன்: ரெண்டரை வருஷ எம்.பி. நெஜமாவே புலியா, வெறும் சவுண்டு பார்ட்டியா?

மில்காரன்பேரன்:
1907 ஜூலை, இங்கிலாந்துல நடந்த கோல்ன் வேலி இடைத்தேர்தல் பத்தி படிச்சேன். யார்க்‌ஷயர்ல துணி மில்லுங்க நெறஞ்ச தொகுதி, லிபரல் கட்சி கோட்டை. விக்டர் கிரேசன்னு 25 வயசுப் பையன், பாதிரியார் படிப்ப விட்டுட்டு வந்தவன், லேபர் (தொழிலாளர்) கட்சி தலைமை கைவிரிச்ச பிறகும் சோசலிஸ்ட்னே சொல்லி நின்னு 153 ஓட்டுல தூக்கிட்டான். எம்.பி.க்கு அரசாங்க சம்பளமே கிடையாத காலம் வேற, அது 1911லதான் வந்துச்சு. கெத்து!

பழையபேப்பர்:
கெத்து எல்லாம் சரி, கணக்கையும் பாருங்க. மும்முனைப் போட்டி, இவருக்கு 3,648, மத்த ரெண்டு பேருக்கும் சேர்த்து 6,700க்கு மேல. ஜெயிச்சப்புறம் சபை பக்கம் போனதை விட ஊர் ஊரா மேடை ஏறினதுதான் ஜாஸ்தி.

மில்காரன்பேரன்:
போனப்ப என்ன பண்ணான்னு பாருங்க சார். 1908 அக்டோபர், ஊரெல்லாம் வேலை இல்லாம பட்டினி, மத்த எம்.பி.ங்க உக்காந்து மதுக்கடை லைசென்ஸ் மசோதா பேசிட்டு இருக்கானுங்க, இவன் எந்திரிச்சு மொதல்ல வேலையில்லாதவங்களப் பத்தி பேசுங்கடான்னு கத்துறான், சபாநாயகர் உக்காரச் சொல்றார் உக்காரல, மறுநாளும் அதே கூத்து, கடைசியில சஸ்பெண்ட். வெளிய போறப்ப லேபர் பெஞ்சைப் பாத்து நீங்க உங்க வர்க்கத்துக்கே துரோகிங்கன்னுட்டுப் போனான் பாருங்க!

பழையபேப்பர்:
அங்கதான் எனக்கு கடுப்பு. வேலை உரிமை மசோதாவ அதே வருஷம் மார்ச்லயே லேபர் கொண்டு வந்து தோத்தாச்சு. 670 பேர் சபையில 30 பேரை வெச்சு வேற என்ன பண்றது? கத்தினதுல ஒருத்தனுக்காவது வேலை கெடச்சுதா? 1910 ஜனவரில அதே ஜனங்க இவர மூணாவது எடத்துக்குத் தள்ளிட்டாங்க. குடி வேற.

சும்மாவந்தவன்:
1920ல ஆளே காணாம போனவர்தானே? அதப் பேசுங்கப்பா

பழையபேப்பர்:
அது தனிக் கதை, இங்க வேணாம். அதே கோல்ன் வேலிய 1922ல லேபர் கட்சி முறையா ஜெயிச்சுது, பிலிப் ஸ்னோடன். பொறுமையா கட்டினதுதான் நின்னுச்சு.

மில்காரன்பேரன்:
சரியா போச்சு போங்க. அந்த ஸ்னோடன்தான் 1931ல லேபர் பிரதமர் மெக்டொனால்டு கூட சேர்ந்து, எதிர்க்கட்சிங்களோட கூட்டா அமைச்ச தேசிய அரசாங்கத்துக்குத் தாவி கட்சிய விட்டே நீக்கப்பட்டாரு. துரோகின்னு கிரேசன் கத்தினது 23 வருஷம் அட்வான்ஸா போச்சு, அவ்ளோதான் 😄