ஏரிக்கரை நடுகல்லை அருங்காட்சியகத்துக்குக் கொடுத்துடலாமா?

தகடூரான்:
எங்க ஊர் ஏரிக்கரையில ஒரு நடுகல், அந்தக் காலத்துச் சண்டையில செத்த வீரனுக்கு நட்ட கல். சாலையை ரெண்டு தடவை உயர்த்திப் போட்டதுல கீழ்ப்பாதி மண்ணுக்குள்ள போயிடுச்சு. வீரனோட இடக்கை வில்லும் வலக்கைக் குறுவாளும் தெரியுது. காலடியில செதுக்கியிருந்த கெண்டியையும் (மூக்கு வெச்ச செம்பு) சிமிழையும் சின்ன வயசுல பார்த்ததோட சரி. போன பொங்கலுக்கு யாரோ மஞ்சள் எனாமல் பெயிண்ட் வேற அடிச்சுட்டாங்க. தலைக்கு மேல இருந்த நாலு வரி வட்டெழுத்துல (பழைய தமிழ் எழுத்து) ரெண்டு வரி பெயிண்டுக்கு அடியில. இன்னொரு தடவை சாலை போட்டா கல்லே மிஞ்சாது. அருங்காட்சியகத்துக்குக் கொடுத்துடலாம்னு சொன்னேன், ஊர்ல பாதிப் பேர் என்கிட்ட முகம் கொடுத்துப் பேசறதில்லை.

வேடியப்பன்_பேரன்:
அண்ணே, அவங்க கோபம் எனக்குப் புரியுது. அரூர் பக்கம் நாங்க வேடியப்பன்னு கும்பிடறதும் ஒரு நடுகல்லைத்தான். கிடா வெட்டிப் பொங்கல் வைக்கிறோம், பிள்ளைக்கு அவர் பேரை வைக்கிறோம். ஆயிரம் வருஷத்துக்கு மேல ஒரு கல் வெட்டவெளியில நிக்குதுன்னா அதைக் காப்பாத்தினது கும்பிட்ட சனம்தான். பக்கத்து ஊர்க் கல் ஒண்ணைப் பாதுகாக்கிறோம்னு எடுத்துட்டுப் போனாங்க. பத்து வருஷம் கழிச்சுப் போய்ப் பார்த்தேன். ஒரு அலுவலகத்துப் பின்சுவர்ல சாய்ச்சு வெச்சிருந்தாங்க. எந்த ஊர்க் கல்னு ஒரு சீட்டுகூட இல்லை. வயிறு எரிஞ்சுது.

பழைய சிப்பாய்:
நான் ராணுவத்துல இருந்து வந்தவன். சென்னை நந்தம்பாக்கத்துல இரண்டாம் உலகப் போர்க் கல்லறைத் தோட்டம் இருக்கு, 850க்கும் மேல கல்லறைகள். 1952ல அதை அமைச்சதே, தென்னிந்தியாவிலயும் கிழக்கு இந்தியாவிலயும் பராமரிக்க முடியாத இடங்கள்ல சிதறிக் கிடந்த கல்லறைகளை ஒண்ணா கொண்டுவரத்தான். இன்னிக்கும் ஒவ்வொரு கல்லும் துடைச்ச மாதிரி இருக்கு. இடம் மாத்தினதால அந்த வீரர்களுக்கு மரியாதை குறைஞ்சுடுச்சா? நம்ம ஆள் மட்டும் ஏன் தார்ச்சாலைக்கு அடியில கிடக்கணும்? தகடூரான் சொல்றதுதான் சரி.

வேடியப்பன்_பேரன்:
ஐயா, அங்க படுத்திருக்கிறவங்களோட சொந்தபந்தம் கடல் தாண்டி இருக்கு. பார்த்துக்க ஒரு ஆணையம் வேணும். இங்க சொந்தக்காரன் கல்லுக்கு எதிர் வீட்டுலயே இருக்கான். 'தொறு மீட்டுப் பட்டான்'னு எழுதியிருந்தா, மாட்டு மந்தையை மீட்கப் போய்ச் செத்தான்னு அர்த்தம். அந்த மந்தை தண்ணி குடிச்ச ஊரை விட்டுக் கல்லைப் பிரிச்சா அப்புறம் அது வெறும் சிற்பம்.

கல்லெழுத்து மாணவி:
ரெண்டு பேரும் இடத்தைப் பத்தியே பேசறீங்க. எனக்குப் பயம் அந்த ரெண்டு வரியைப் பத்தி. செங்கம் பக்கத்து எடுத்தனூர்க் கல்லைப் பாருங்க. மகேந்திரவர்ம பல்லவனோட 34ஆம் ஆட்சியாண்டு. எருமைகளைக் காக்கப் போய்ச் செத்தவன் கருந்தேவக்கத்தி. கூடவே ஒரு நாயையும் செதுக்கி, 'கோவிவன்' என்னும் நாய் ரெண்டு கள்ளரைக் கடிச்சுக் காத்து நின்னதுன்னு எழுதி வெச்சிருக்காங்க. ஏழாம் நூற்றாண்டு நாயோட பேர் நமக்குத் தெரியுது! அந்த வரி மேல எனாமல் ஏறியிருந்தா கோவிவன் இல்லை.

அண்ணா, மஞ்சளும் எண்ணெயும் அப்பினாக்கூடப் பொறுமையா எடுத்துடலாம். எனாமலைச் சுரண்டினா எழுத்தோட விளிம்பும் சேர்ந்து வந்துடும். ஆசிட் ஊத்தறது, மணல் பீச்சறது எல்லாம் அதைவிட மோசம். தயவுசெஞ்சு யாரும் கை வைக்காதீங்க. இப்போதைக்கு ராத்திரியில போய் டார்ச்சைக் கல்லோட பக்கவாட்டில ஒட்டிப் பிடிச்சுப் படம் எடுங்க. பகல்ல கண்ணுக்குப் படாத எழுத்தெல்லாம் நிழல் விழுந்து எழும்பும். தாளை ஒட்டி மை ஒத்தி எழுத்தைப் படியெடுக்கிற மைப்படி வேலை அப்புறம்.

தகடூரான்:
எடுக்கறேன் தங்கச்சி. ஆனா சாலைக்கு என்ன பதில்?

கல்லெழுத்து மாணவி:
அதே கரையில பத்தடி தள்ளி மேடை கட்டி நிறுத்தலாம். நடுகல் நடறதுக்குத் தொல்காப்பியம் சொல்ற ஆறு துறையில, அதாவது ஆறு கட்டத்துல, நீர்ப்படையும் நடுதலும் இருக்கே, கல்லை நீராட்டி நடறது. ஊரே கூடி மறுபடி ஒரு தடவை செய்யட்டும். தொல்லியல் அலுவலருக்கும் வி.ஏ.ஓ.வுக்கும் எழுதிக் கொடுத்துட்டு, அவங்களையும் பக்கத்துல வெச்சுக்கிட்டுத்தான் மண்ணைத் தொடணும்.

பழைய சிப்பாய்:
மேடை கட்டினா லாரி மோதாதா? திருட்டுப் போகாதா? ராத்திரி யார் காவல் இருப்பாங்க? நான் இன்னும் அருங்காட்சியகம் பக்கம்தான்.

வேடியப்பன்_பேரன்:
எடுத்துட்டுப் போக வண்டி வந்தா நான் குறுக்க நிப்பேன் ஐயா, அதுல மாற்றமில்லை. பத்தடி தள்ளி நடறதுக்கு ஊர் ஒத்துக்கிட்டா எனக்கும் சம்மதம். தகடூரான் அண்ணே, அனுமதி கிடைச்சதும் நாள் சொல்லுங்க, நாலு பேரோட வர்றேன். கடப்பாரை மட்டும் வேண்டாம். கொத்துக்கரண்டியும் கையும் போதும். கெண்டி எந்த ஆழத்துல இருக்குன்னு யாருக்கும் தெரியாது.